பன்னிரண்டாம் முடிச்சு

அத்தியாயம் 3

"செத்துப்போனவனுக்கு எழுத்துப்பிழை வருமா?" என்று எட்சன் கேட்டான்.

வட்டக்கோட்டை மதில்மேல் உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் சண்டையை நிறுத்திவிட்டு அவனை முறைத்தார்கள். கீழே ஜூன் மாதக் கடல் கருங்கல்லில் வந்து அறைந்துகொண்டிருந்தது. சத்தியபாய் தன் உதவியாளனின் காலைச் செருப்பால் மெல்ல மிதித்தாள்.

"நீங்க பேசுங்க மக்கா. நான் கேட்டுட்டு இருக்கேன்," என்றாள்.

கேட்பது அவளுக்குப் பழகிய வேலை. நாகர்கோவில் தொலைபேசி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வளைகுடாவிலிருந்து வரும் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வடசேரியில் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிலையம் திறந்தபோது ஊர் சிரித்தது. எட்சன் சிரிக்கவில்லை, வேலை கேட்டு வந்து நின்றான். சவூதியில், தம்மாமில் பதினோரு வருஷம் லாரி ஓட்டித் திரும்பியவன். லாரியை விட்டுவிட்டானே தவிர, வாய்க்கு இன்னும் பிரேக் பிடிக்கப் படிக்கவில்லை.

அந்த ஐந்து பேரும் 'தூரக்கலம்' என்ற விண்வெளித் தொடரின் ரசிகர்கள். அது ஆங்கிலத் தொடர். தமிழ்ப் பெயர் இவர்களாக வைத்துக்கொண்டது. வழி தவறிய ஒரு விண்கலம், அதை ஓட்டும் மாலுமி, பூமியில் அவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி. ஏழு வருஷம், ஏழு சீசன். போன மாதம்தான் கடைசி சீசன் முடிந்திருந்தது. முடிந்ததே ஒழிய யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அதனால் இணையத்தில் தாங்கள் நடத்தும் தமிழ் மன்றத்தில் சண்டை போட்டது போதாமல், ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கே வந்து நேரிலும் போட்டுக்கொண்டார்கள்.

மன்றத்தைத் தொடங்கியவன் டிஜோ. பனவிளைத்துறைக் கடற்கரையைச் சேர்ந்தவன். ஆறாவது சீசன் முடிந்ததும், தொடரில் அவிழாமல் கிடந்த பன்னிரண்டு முடிச்சுகளைப் பட்டியல் போட்டு வைத்தவனும் அவனே. போன நவம்பரில் அவன் அப்பாவுடன் கடலுக்குப் போனான். காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. மூன்றாம் நாள் ராத்திரி வேறு படகுக்காரர்கள் அப்பாவை மட்டும் மீட்டுக்கொண்டு வந்தார்கள். டிஜோ கிடைக்கவில்லை, அவன் உடலும் கிடைக்கவில்லை. கடைசி சீசன் ஒளிபரப்பாகத் தொடங்கியது அதற்கும் மூன்று மாதம் கழித்து.

தொடர் முடிந்த நாலாம் நாள் மன்றத்தில் டிஜோவின் பெயரில் ஒரு பதிவு வந்தது. 'முதல் முடிச்சு' என்று தலைப்பு. அதற்கு விடையும், சில எழுத்துப்பிழைகளோடு, எழுதியிருந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று பதினொன்று வரை வந்துவிட்டது.

டிஜோவுக்கு நிச்சயம் செய்திருந்த ஜிஷா வியாழக்கிழமை சத்தியபாயைத் தேடி வந்தாள். அவளுக்கு வேறிடத்தில் கல்யாணம் பேசியாகிவிட்டது. அதற்கு முன் மாதா கோயிலில், தடை ஏதும் உண்டா என்று கேட்டு, மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். ஒன்று வாசித்திருந்தார்கள்.

"அவன் உயிரோட இருந்தா நான் எப்படி மேடம் இன்னொருத்தன் பக்கத்துல போயி நிப்பேன்?" என்று கேட்டாள். அழவில்லை. கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்திருந்தது. "மூணாவது ஓலைக்கு முன்ன எனக்குத் தெரியணும். இருக்கானா, இல்லியா?"

இரண்டாவது ஓலை இன்று காலை வாசித்தாயிற்று.

"அவன் இருக்கான் மேடம்," என்றான் அனிஷ். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன், குழுவில் பெரிய குரல் அவனுடையது. "ஏதோ கப்பல்காரன் காப்பாத்தியிருக்கான். அஞ்சாம் முடிச்சைப் பாருங்க. கலத்துல உள்ள கடிகாரம் எல்லாம் பின்னால ஓடுதது ஏன்? கலம் பூமியை விட்டுப் போகவே இல்லன்னு எழுதியிருக்கு. கடைசி சீசன்லயும் அதுதான் வந்தது. கடைசி சீசனைக் காணாதவனுக்கு அது எப்படித் தெரியும்?"

"ஒம்பதாம் முடிச்சு தப்பு," என்றாள் பிரிஜா. பள்ளிக்கூட ஆசிரியை. "கேப்டனைக் கொன்னது சமையல்காரன்னு போட்டிருக்கு. கடைசி சீசன்ல கேப்டன் சாகவே இல்ல."

"அது தப்பில்ல, ஆழம். கேப்டன் மனசளவுல செத்துட்டாரு," என்றான் அனிஷ்.

"நல்ல மன்றம்," என்றான் எட்சன். "சரியா சொன்னா அறிவு, தப்பா சொன்னா ஆழம். எனக்க கணக்கு வாத்தியாருக்கு இந்த விஷயம் தெரியாமப் போச்சு."

பிரிஜா சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். "களியாக்காதீங்க அண்ணா. பத்தாவது வந்த அன்னைக்கு நான் லைட்டை அணைக்காமத்தான் படுத்தேன். டிஜோ எப்பவும் 'கேட்டியளா மக்கா'ன்னுதான் எழுதத் தொடங்குவான். இதுவும் அப்படியே தொடங்குது. வேற யாராலயும் அவனை மாதிரி எழுத ஒக்காது."

காற்று பலமாக அடித்தது. ஐந்து பேரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தியபாய் பதினொரு பதிவுகளையும் தாளில் அச்செடுத்து வைத்திருந்தாள். "எட்டாவது பாதியில நிக்குதே?"

"'மாலுமிக்குத் தெரியும், அவள்'னு நின்னுபோச்சு," என்றாள் பிரிஜா. "மறுநாள் பகல்லதான் மிச்சம் வந்தது. 'காத்திருக்கிறாள் என்று.' அந்த ராத்திரி ஜிஷா எனக்கு நாலு தடவை போன் செய்தா."

"கடைசி சீசன்ல புதுசா எத்தனை ஆளு வந்தாங்க?"

"மூணு பேரு. ஓரின், காஸ், பொறவு லீத்னு ஒரு சின்னப் பிள்ளை. லீத் இல்லன்னா கடைசி சீசனே இல்ல."

சத்தியபாய் தாள்களை முதலிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் படித்தாள். மடித்துக் கைப்பையில் போட்டாள். எழுந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றான் அனிஷ்.

"இப்போதைக்கு அவ்வளவுதான் மக்கா."

வேன் கோட்டையைத் தாண்டியதும் எட்சன் ஆரம்பித்தான். "அக்கா, பதினொரு பதிவுக்கும் நேரம் பாத்தியளா? எல்லாம் பகல் பதினொண்ணுக்கும் பன்னிரண்டுக்கும் எடையில. ஞாயிற்றுக்கிழமை லீவு. நம்ம ஊருல பேயி உச்சிப்பொழுதுக்குத்தான் வெளிய வரும். பன்னிரண்டு அடிச்சா ஓடி ஒளியுத பேயை இப்பத்தான் பாக்கேன்."

"பன்னிரண்டு மணிக்கு என்ன நடக்கும்?"

"சோறு வேவும்."

"வேற?"

எட்சன் யோசித்தான். பிறகு ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தான். "கரண்ட் கட்டு! எட்டாவதை அவசரத்துல பாதியிலயே போட்டதும் அதனாலதான்!"

அந்த வருஷம் ஊர் ஊராக முறை வைத்து தினமும் இரண்டு மணி நேரம் மின்சாரம் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எட்சனின் மைத்துனன் தங்கப்பன் லைன்மேன். வேனை ஓரங்கட்டி அவனை அழைத்தான். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை எந்தெந்த ஊருக்கு என்று கேட்டான். தங்கப்பன் கடற்கரை ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். மூன்றாவது ஊர் பெயரைக் கேட்டதும் எட்சன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான்.

"பனவிளைத்துறை," என்றான். குரல் இறங்கியிருந்தது. "அப்ப அவன் வீட்டுக்கே வந்துட்டானா அக்கா?"

"இல்ல. அந்தப் பதினொரு பதிவுலயும் ஓரின் இல்ல, காஸ் இல்ல, லீத் இல்ல. கடைசி சீசனைக் கண்டவன் அந்தப் பிள்ளை பேரை ஒரு தடவையாவது சொல்லாம இருப்பானா? எழுதினவன் கடைசி சீசனைக் காணல்ல எட்சா. எல்லாம் முன்கூட்டியே ஊகிச்சு எழுதினது. பலது பலிச்சிருக்கு, சிலது பலிக்கல்ல. பலிக்காததைத்தான் இவங்க ஆழம்ங்காங்க."

"அப்படின்னா எழுதினது..."

"டிஜோதான். நவம்பருக்கு முன்னால. எழுதினவன் செத்திருக்கலாம். எடுத்துப் போடுதவன் உயிரோட இருக்கான்."

மறுநாள் பத்தரைக்கு அவர்கள் பனவிளைத்துறையில் இருந்தார்கள். ஊரில் பிரவுசிங் சென்டர் ஒன்றே ஒன்று. சிலுவை நட்ட குருசடிக்கு எதிரே, நாலு கம்ப்யூட்டர். நடத்துகிறவள் பூங்கனி, நாற்பது வயது இருக்கும். நெட் பார்க்க வேண்டும் என்றதும் ஒன்றாம் நம்பரைக் காட்டினாள்.

"எனக்கு மூணு ராசி," என்று எட்சன் மூன்றாம் நம்பர் முன்னால் உட்கார்ந்தான்.

"அது வேண்டாம்," என்றாள் பூங்கனி. சொன்ன வேகமே அவளைக் காட்டிக்கொடுத்தது.

எட்சன் மன்றத்தின் முகவரியை அடித்தான். பக்கம் திறந்தது. உள்ளே நுழைவதற்கான பெயர்க் கட்டத்தில் அவன் ஒன்றும் அடிக்கவில்லை. அதுவாகவே 'டிஜோ' என்று நிரப்பிக்கொண்டது. கீழே கடவுச்சொல்லுக்கு எட்டுப் புள்ளிகள். எட்சன் கையை மவுஸிலிருந்து மெல்ல எடுத்தான்.

"அவன் எப்பவும் அதுலதான் இருப்பான்," என்றாள் பூங்கனி. "பாஸ்வேர்டை அதுல சேத்து வச்சிருந்தான். எனக்கு அழிக்க மனசு வரல்ல."

"போடுதது நீயா?"

"மாதாவாணை நான் இல்ல." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினொண்ணுக்கு வருவாரு. நான்தான் பழக்கிக் கொடுத்தேன். கீபோர்டு ஒக்கல்ல அவருக்கு. ஸ்கிரீன்ல தமிழ் எழுத்து வரவச்சு ஒண்ணொண்ணா அமுக்குவாரு. ஒரு பக்கம் அடிக்க மூணு நாளு, நாலு நாளு ஆவும். இப்ப பத்து நாளா வாறாரு, உக்காருதாரு, ஒரு எழுத்துகூட அமுக்காமப் போறாரு."

வாசலில் நிழல் விழுந்தது. வந்தவருக்கு அறுபது வயது இருக்கலாம். உப்பும் வெயிலும் தின்ற முகம். கையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய நீளநோட்டு. மூன்றாம் நம்பரில் வேற்றாள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அப்படியே நின்றார்.

டிஜோவின் அப்பா சூசை.

சத்தியபாய் தான் யார் என்று சொன்னாள். ஜிஷா அனுப்பி வந்திருப்பதைச் சொன்னாள். ஒவ்வொரு பதிவையும் ஜிஷா படிப்பதையும், மூன்றாவது ஓலை இந்த ஞாயிறு என்பதையும் சொன்னாள். சூசை நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பூங்கனி தண்ணீர் எடுக்கிற சாக்கில் வெளியே போய்விட்டாள்.

"அந்தப் பிள்ளையும் இதைப் படிக்கா?" என்றார். "எனக்குத் தெரியாது அம்மா. சத்தியமா தெரியாது. அவனுக்கக் கூட்டுக்காரனுவ மட்டும் படிப்பானுவன்னு நெனச்சேன்."

"எதுக்காக அண்ணே போட்டிய?"

அவர் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். சாய்ந்த கையெழுத்து. 'கடைசி சீசன் முடிந்த பிறகு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அதற்கு முன் யாரும் படிக்கக் கூடாது.'

"அவனுக்கப் பெட்டியில கெடந்துது. தொடரு முடிஞ்சுபோச்சுன்னு பூங்கனி சொன்னா. டிஜோ இருந்தா இன்னைக்கு இங்க ரகளையா இருக்கும்னா. அவன் செய்யணும்னு வச்சிருந்த வேலை. வேற யாரு செய்வா?"

"பதினொண்ணோட ஏன் நிறுத்திட்டிய?"

சூசை நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அவளிடம் தந்தார். சத்தியபாய் படித்தாள்.

'பன்னிரண்டாம் முடிச்சு. மாலுமி திரும்பி வருவானா? கேட்டியளா மக்கா, வரமாட்டான். இது ஒன்றில்தான் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் செத்ததைக் கண்ணால் கண்ட ஒருத்தன் கலத்தில் இருப்பான். அவன் பூமிக்கு வந்து அவளிடம் நேரே சொல்ல வேண்டும். சொல்லாமல் தொடரை முடித்தால் மாலுமி செத்ததைவிட அதுதான் பெரிய பாவம். அவள் எத்தனை வருஷம்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்?'

தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எட்சன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான்.

"அக்டோபர்ல எழுதியிருக்கான்," என்றார் சூசை. "நவம்பர்ல நானும் அவனும் போனோம். இதப் படிச்ச அன்னைக்கு நோட்டை மடக்கி வச்சிட்டேன். எனக்கிட்ட நேரா நின்னு சொல்லுத மாதிரி இருக்கு."

"அண்ணே," என்றாள் சத்தியபாய். "நீங்க கண்டியளா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"முதல் அலையிலயே ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டோம்னு நான் ஊருல சொன்னது கள்ளம். ரெண்டு ராத்திரி எனக்கக் கூடத்தான் கெடந்தான். கவுந்த வள்ளத்தைப் பிடிச்சிட்டு. நான் உறங்கிப் பிடிய விட்டிரக் கூடாதுன்னு இந்தக் கதையத்தான் சொல்லிட்டே கெடந்தான். மாலுமி, கேப்டன், அந்தப் பொண்ணு. எனக்கு ஒரு மண்ணும் விளங்கல்ல. 'பொறவு, பொறவு'ன்னு கேட்டுட்டே இருந்தேன். ரெண்டாவது ராத்திரி, விடியப் போற நேரம். 'பொறவு'ன்னு கேட்டேன். பதிலு வரல்ல."

சத்தியபாய் நோட்டை மூடி மேசைமேல் வைத்தாள்.

"இடுப்புல கெடந்த கயித்தால அவனை வள்ளத்தோட சேத்துக் கெட்டினேன். வீட்டுக்குக் கொண்டு வந்து அவனுக்க அம்மை செசிலிக்குக் காட்டணும்னு. பகல் முழுக்கக் கெடந்தான். சாயங்காலம் மீனு வந்து..." அவர் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டார். "எனக்குப் பாத்திட்டு இருக்க ஒக்கல்ல. கயித்த அறுத்து விட்டேன். இந்தக் கையாலதான் அறுத்தேன்."

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"கரையில இறங்கினதும் செசிலி ஓடி வந்து, எனக்கப் பிள்ளை எங்கன்னு கேட்டா. அறுத்து விட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? 'இருட்டுல காணல்ல'ன்னு சொன்னேன். காணல்லன்னா ஒருநாளு கண்டுகிடலாம்னு அவ நெனச்சிட்டா. ஏழு மாசமா எங்க வீட்டுல வாசக் கதவுக்குத் தாப்பாள் இல்ல. ராத்திரி காத்துல அது தொறந்து தொறந்து அடிக்கும். நான் எழும்பிச் சாத்துவேன். அவ பொறவும் போயித் தொறந்து விடுவா."

விசிறி மெதுவாகி நின்றது. திரை அணைந்தது. அறை இருண்டு, வாசல் கதவின் இடுக்கில் மட்டும் வெயில் கோடு போட்டிருந்தது. மணி பன்னிரண்டு.

"போலீசுக்குச் சொல்லணுமா?" என்று இருட்டில் சூசையின் குரல் கேட்டது.

"அது பொறவு பாப்போம். முதல்ல வீட்டுக்கு."

வீடு நாலாவது தெருவில், கடலைப் பார்த்து இருந்தது. சூசை தனியாக உள்ளே போனார். சத்தியபாயும் எட்சனும் தெருவில் நின்றார்கள். உள்ளே அவர் பேசுவது முணுமுணுப்பாகக் கேட்டது. முன்னெல்லாம் சத்தியபாய் தொலைபேசிக் கருவியில் எத்தனையோ பேர் சாவுச் செய்தி சொல்லக் கேட்டிருக்கிறாள். சொல்கிறவன் குரலைவிட, கேட்கிறவர் பக்கத்து அமைதிதான் அவளுக்கு எப்போதும் தாங்க முடியாததாக இருந்தது. இப்போதும் அந்த அமைதிதான் நீண்டது. பிறகு ஒரு பெண் ஒரே ஒரு தடவை, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின.

அதற்குப் பின் செசிலி கேட்டது தெருவரை தெளிவாக வந்தது.

"கடைசி வரைக்கும் பேசிட்டா கெடந்தான்?"

"ஆமா."

"பயந்தானா?"

"இல்ல. எனக்குக் கதை சொல்லிட்டே இருந்தான்."

அன்று சாயங்காலமே ஜிஷா பஸ் ஏறி வந்தாள். சூசை அவளிடமும் நேரே சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். அவள் செசிலியின் மடியில் தலை வைத்து வெகுநேரம் கிடந்தாள். பிறகு சத்தியபாயோடு வேனில் நாகர்கோவில் திரும்பினாள்.

பார்வதிபுரம் வந்ததும் சொன்னாள். "நான் உங்ககிட்ட வரும்போது, அவன் இருக்கான்னு சொல்லிருவியளோன்னுதான் பயந்தேன் மேடம். இல்லன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன். அப்படி நெனச்சதுதான் இப்ப நெஞ்சுல நிக்குது."

"அதுல தப்பு ஒண்ணும் இல்ல பிள்ளே."

"மூணாவது ஓலையை ரெண்டு மாசம் தள்ளி வைக்கச் சொல்லி கோயில் சாமியார்கிட்ட கேக்கப் போறேன். கல்யாணம் வேண்டாம்னு இல்ல. முதல்ல டிஜோவுக்கு ஒரு பூசை வைக்கணும். கல்லறைத் தோட்டத்துல பேரு எழுதி ஒரு குருசு நடணும். மாப்பிள்ளைக்குச் சம்மதம் இல்லன்னா போட்டும்."

மாப்பிள்ளை சவூதியிலிருந்து போனில் பேசினார். சம்மதம் என்றார். பூசைக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு எட்சன் வடசேரி அலுவலகத்தில் மன்றத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, வாருங்க," என்று கூப்பிட்டான். சத்தியபாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பன்னிரண்டாம் முடிச்சு வந்திருந்தது. டிஜோ எழுதியபடியே, ஒரு வரிகூட மாற்றாமல். அதற்குக் கீழே தனியாக, எழுத்துப்பிழைகளோடு, இன்னும் சில வரிகள் இருந்தன.

'இத எழுதினது எனக்க மகன் டிஜோ. நவம்பர் மாசம் கடல்ல மரிச்சான். நான் கூட இருந்தேன். உங்கள பயப்படுத்தினதுக்கு மண்ணிக்கணும். இந்த கதைய அவன் ரெண்டு ராத்திரி எனக்கு சொன்னான். முடிவு மட்டும் சொல்லல்ல. உங்கள்ள யாருக்காவது தெரியும்னா எனக்கு சொல்லுங்க. சூசை, பனவிளைத்துறை.'